துள்ளல் துரைராஜுக்கு நான் பொறுப்பில்லை

சத்தியம், சத்தியம், சத்தியம். மூன்று தடவை சத்தமாகவே சொல்லிவிட்டேன் தம்பி, முன்சீட்டு அம்மாகூடத் திரும்பிப் பார்த்துவிட்டாள். நான் சொல்லப் போவதில் ஒரு வார்த்தை பொய் என்றால் இந்த பஸ் தாராபுரம் போய்ச் சேர்வதற்குள் என் நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளட்டும். என் கண் மேல் ஆணை. இடது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருக்கிறது, அது நம்முடைய சொந்தம் இல்லை. அதனால் வலது கண் மேல் ஆணை. ஆனைமலை மாசாணியம்மன் மேல் ஆணை. அந்தக் கோயிலில் ஏமாந்தவர்கள் மிளகாய் அரைத்துப் பூசுவார்கள், ஏமாற்றினவனுக்கு உடம்பெல்லாம் எரியும். ஒரு வாரமாக எனக்கு எரிகிறது தம்பி. எவரோ என் பேரைச் சொல்லி அரைத்துவிட்டார்கள்.

கொஞ்சம் எழுந்து ஜன்னலோரம் வந்துவிடுங்க, நான் உள்பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். உங்கள் தோள் நல்ல அகலம். வெளியிலிருந்து பார்த்தால் நான் தெரிய மாட்டேன். பின்னால் சிவப்பு ஹெல்மெட் போட்டுக்கொண்டு புல்லட்டில் யாராவது வருகிறார்களா என்று மட்டும் அப்பப்போ பார்த்துச் சொல்லுங்க. தலையைத் திருப்ப வேண்டாம், சும்மா காற்று வாங்குகிற மாதிரி பாருங்க.

என் பேர் நாச்சிமுத்து. உடுமலை மாட்டாஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் அட்டெண்டர். நான் போட்ட ஊசியில் பிழைத்த மாடுகளை வரிசையாக நிறுத்தினால் வால்பாறை வரைக்கும் நிற்கும். அது கிடக்கட்டும். இப்போது நான் இந்த அரசாங்க பஸ்ஸில் ஏன் உட்கார்ந்திருக்கிறேன் என்று கேளுங்க. இதில் பாட்டு இல்லை. ஒரு டப்பா ஸ்பீக்கர்கூடக் கிடையாது. அதனால்தான் ஏறினேன். பாட்டுப் போடுகிற பஸ் என்றால் இப்போது நான் கிட்டவே போவதில்லை.

ஆனால் ஆறு மாசத்துக்கு முன்னால் அப்படி இல்லை. மயில்ராணி தெரியுமா உங்களுக்கு? உடுமலையிலிருந்து பல்லடம் போகிற பிரைவேட் பஸ். ஊதா கலர், முகப்பில் தோகை விரித்த மயில், மயிலின் கண்ணில் பச்சை லைட். அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேருக்குப் பல்லடத்தில் ஒரு வேலையும் இல்லை. பாட்டுக்காக ஏறுகிறவர்கள். பாட்டு என்றால் ரேடியோவில் வருகிற பாட்டு இல்லை. பொள்ளாச்சியில் சஞ்சீவன் என்று ஒரு பையன் லேப்டாப்பில் செய்கிறது. தவில் இல்லை, உறுமி இல்லை, வாத்தியக்காரன் ஒருத்தன் இல்லை. எல்லாம் கம்ப்யூட்டர் அடி. அதற்கு நடுவில் யாரோ பாடினதில் ஒரு சொல்லை மட்டும் வெட்டி, திருப்பித் திருப்பி ஒட்டி வைப்பான். பஸ் மிக்ஸ் என்று பேர். உடுமலை, பொள்ளாச்சி, பல்லடம் மூன்று பக்கமும் அதற்குப் பைத்தியங்கள் உண்டு.

நான் பைத்தியமானது கால் விஷயமாக. சர்க்கரை வந்து இடது பாதம் மரத்துப் போயிருந்தது. முள் குத்தினாலும் தெரியாது. ஒருநாள் மயில்ராணியில் கடைசி வரிசை இடது மூலையில், நாற்பத்து மூன்றாம் சீட்டில் உட்கார இடம் கிடைத்தது. அந்த சீட்டுக்கு அடியில்தான் பேஸ் பாக்ஸ், கோழிக் கூண்டு அளவுக்கு. சஞ்சீவனின் மிக்ஸ் ஓடுகிறது. பெருவிரலில் ஊர்கிறது தம்பி, எறும்பு ஊர்கிற மாதிரி. கீழே எறும்பா என்று பார்த்தேன். இல்லை, என் கால்தான் முழித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து தினம் பல்லடம் போய்த் திரும்புவேன். ஃபேஸ்புக்கில் மயில்ராணி ரசிகர் குழு என்று மூவாயிரம் பேர். அதில் சேர்ந்தேன், வயசாளி என்று அட்மினாகவே ஆக்கிவிட்டார்கள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு, டம்ளர் வைக்கிறது என்று சொல்வோம். புது மிக்ஸ் வந்தால் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி பேஸ் பாக்ஸுக்கு மேலே பலகையில் வைக்க வேண்டும். தண்ணீர் எப்படி ஆடுகிறது என்று பார்த்துத்தான் மிக்ஸ் நல்லதா கெட்டதா என்று பேசுவோம். கண்டக்டர் தனபால்தான் டம்ளர் கொடுப்பார். அவருடைய டீ டம்ளர்.

போன ஆடி வரைக்கும் சஞ்சீவன் செய்ததெல்லாம் துள்ளல். நிமிஷத்துக்கு நூற்றைம்பது அடி. தண்ணீர் வெட்டுக்கிளி மாதிரி டம்ளரை விட்டுத் துள்ளி வெளியே விழும். ஆடி முடிந்தது, என்ன ஆனதோ, வேகத்தைக் குறைத்துவிட்டான். நிமிஷத்துக்குத் தொண்ணூறு. இதற்கு இழுவை என்று பேர். ஒரு அடி விழும். அடுத்த அடி எங்கே என்று காது காத்திருக்கும். நடுவில் ஒரு வெறும் இடம், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி. தண்ணீர் துள்ளாது, வட்டம் வட்டமாகக் கோலம் போடும். ஏன் மாற்றினாய் என்று கேட்டதற்குச் சிரித்தானாம், அவ்வளவுதான்.

குழு இரண்டாக உடைந்தது. தண்ணீர் சிந்தினால்தான் மிக்ஸ் என்றது துள்ளல் கட்சி. சிந்தாமல் கோலம் போட்டால்தான் மிக்ஸ் என்றது இழுவைக் கட்சி. டம்ளர் வைத்தால் இரண்டு கட்சியும் ஜெயித்துக்கொண்டே வீட்டுக்குப் போகும். சண்டை எப்படித் தீரும், சொல்லுங்க? கூடப் படித்தவர்கள் பேசிக்கொள்ளாமல் போனார்கள். ஒருத்தன் நிச்சயதார்த்தத்தையே நிறுத்தினான், மாமனார் வீட்டில் இழுவை கேட்கிறார்கள் என்று. நம்பினால் நம்புங்க, நெகமத்தில் ஒரு எருமை இழுவையைக் கேட்டுக்கொண்டே இரட்டைக் கன்று போட்டது, நானே பக்கத்தில் இருந்தேன்.

நான் இழுவைக் கட்சி. வேறு வழியில்லை. துள்ளலில் பெருவிரல் மட்டும்தான் முழிக்கும். இழுவையில் ஐந்து விரலில் நாலு விரல் முழித்தது. ஆனால் எங்கள் கட்சிக்குக் கூட்டம் சேரவில்லை. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது தம்பி. நாசமாய்ப் போன யோசனை. துள்ளல் கட்சிக்குக் கேவலமான ஒரு ஆள் தலைவனாக இருந்தால், அந்த ஆள் என்னை மாதிரி ஒரு கிழவனை வாய்க்கு வந்தபடி திட்டினால், பார்க்கிறவர்கள் மனசு இரங்கி என் பக்கம் வருவார்களா இல்லையா? என்னைத் திட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஆள் இல்லை. நானே செய்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் யாமினி என்று ஒரு பெண் மொபைல் கடை வைத்திருக்கிறாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். எப்போதும் காதில் ஹெட்ஃபோன், வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டாள். தங்கமான பெண். அவள்தான் துரைராஜ் என்று ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தாள். பாஸ்வேர்டு எனக்கு நினைவில் நிற்காது என்று அவளுடைய நோட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டாள். போட்டோ வேண்டுமே. உயிரோடு இருக்கிறவன் படத்தைப் போட்டால் அவன் வந்து சட்டையைப் பிடிப்பான். ரவுண்டானாவில் ஒரு கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. நல்ல மீசை, சிரித்த முகம், ஐம்பத்தெட்டு அறுபது வயசு. போனில் எடுத்துக்கொண்டு வந்தேன். பேர் படிக்கவில்லை, அப்போது கண்ணில் கட்டு. மாலையையும் எழுத்தையும் யாமினி வெட்டி எடுத்துவிட்டாள்.

“தாத்தா, இது செத்தவரு படங்க,” என்றாள்.

“அதனாலதான் சாமி. இவரு வந்து கேக்க மாட்டாரு.”

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

துரைராஜ் என்னைத் திட்டினான் பாருங்க. “நாச்சிமுத்து, உன் பாட்டுக்கு டம்ளரில் தண்ணீர் தூங்குகிறது, உன்னை மாதிரி.” “மாட்டுக்கு ஊசி போட்டவனுக்குப் பாட்டு எதற்கு?” நான் என் பேரில் ரொம்பப் பணிவாகப் பதில் எழுதுவேன்: “தம்பி, பெரியவர்களை இப்படிப் பேசலாமா?” இரண்டையும் எழுதிவிட்டு மத்தியானச் சோறு இரண்டு பிடி கூடவே சாப்பிடுவேன். ஆனால் கூட்டம் என் பக்கம் வரவில்லை தம்பி. அந்த அயோக்கியன் பக்கம் போனது. பத்து நாளில் ஐந்நூறு பேர் அவனைத் தலைவா என்றார்கள். துள்ளல் துரைராஜ் என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள். எனக்கு யாரும் ஒரு பட்டமும் கொடுக்கவில்லை. வயிறு எரிந்தது, யாரைப் பார்த்து எரிகிறது என்று நினைக்க வெட்கமாகவும் இருந்தது. சரி, இந்த ஆளை ஊமையாக்கிவிடலாம் என்று எழுதுவதை நிறுத்தினேன்.

நிறுத்தி மூன்றாம் நாள் மத்தியானம். சோறு முன்னால் இருக்கிறது, போனைத் திறக்கிறேன். துரைராஜ் எழுதியிருக்கிறான்.

நான் எழுதவில்லை தம்பி. இதோ வலது கண். நான் எழுதவில்லை. நான் எழுதுகிற மாதிரியும் இல்லை அது. “இழுவைக்காரர்களே, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே வெறும் இடம் இருக்கிறது என்கிறீர்கள். துள்ளலில் அது இல்லை என்று யார் சொன்னது? சின்னதாக இருக்கிறது. சின்ன இடத்தில் கால் வைத்துத் தாண்டுவதுதான் துள்ளல்.” இப்படி எழுதுகிற அறிவு எனக்கு ஏது? கடைசியில் ஒரு வரி: “நாச்சிமுத்து ஐயா, உங்கள் சுண்டுவிரல் இன்னும் முழிக்கவில்லை, இல்லையா?”

கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. சுண்டுவிரல் விஷயம் என் பெண்டாட்டிக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியாது. யாமினியிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னதோடு சரி.

ஓடினேன் அவள் கடைக்கு. “சாமி, அந்தப் பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்?”

அவள் ஒரு போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “உங்களுக்கும் எனக்கும்தானுங்க தாத்தா.”

“நான் எழுதலை.”

“சரிங்க.”

“அப்ப யாரு எழுதறா?”

“யாரு படம் போட்டிருக்குதோ அவருதான் எழுதோணும்,” என்றாள். ஹெட்ஃபோனிலிருந்து துள்ளல் கசிந்து என் காதுக்கே கேட்டது. பாவம், எனக்கு ஆறுதல் சொல்ல வாய் வராமல் ஏதோ சொல்லிவிட்டாள். ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. நான் எழுதவில்லை. அவளுக்கு எதற்கு இந்த வேலை? அப்போது மிச்சம் யார்? கணக்குப் போட்டுப் பாருங்க. செத்தவன் ஒருத்தன்தான் மிச்சம்.

சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டேன். பள்ளிவாசலில் போய்க் கயிறு மந்திரித்துக் கட்டிக்கொண்டேன், இதோ. ஃபிளெக்ஸ் அடித்த கடையைத் தேடிப் போய், செத்தவர் யாரென்று விசாரித்தேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினார்: குடிமங்கலம் சாமியப்பன். காட்டிவிட்டு, “மனு சாமியப்பன்னு சொன்னாத்தான் தெரியுமுங்க,” என்றார். என்ன மனு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் குடிமங்கலம் போனேன். மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான். வாசலில் அந்தம்மா நின்றிருந்தார்கள்.

“யாருங்க?”

“மாட்டாஸ்பத்திரியில இருந்துங்கம்மா. கோமாரி ஊசிக்கு.”

“எங்ககிட்ட மாடே இல்லீங்களே.”

“அப்பக் கொஞ்சம் தண்ணியாவது குடுங்கம்மா.”

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். சுவரில் அவர் படம், மாலையோடு. அதே மீசைதான். ஆனால் நான் எடுத்த படத்தில் சிரித்தார் தம்பி, சத்தியமாகச் சிரித்தார். சுவரில் முறைத்துக்கொண்டிருந்தார். சொம்பு என் பல்லில் தட்டித் தட்டித் தண்ணீர் பாதி சட்டையில் போனது.

அந்தம்மா தானாகவே சொன்னார்கள். “அவருக்குப் பாட்டுன்னாலே ஆகாதுங்க. திங்கக்கெழமையானாக் கலெக்டராபீசு போயி மனுக் குடுத்துட்டு வருவாரு. பஸ்ஸுல பாட்டுன்னு மனு, கோயல்ல மைக்செட்டுன்னு மனு, பக்கத்து ஊட்டு மிக்ஸிக்கும் மனு. சாகறதுக்கு மொத நாளு, நர்ஸம்மா செருப்பு சத்தம் போடுதுன்னு படுத்துட்டே ஒண்ணு எழுதுனாருங்க.”

உலகத்தில் எத்தனையோ பேர் செத்துப் போகிறார்கள். பஸ் பாட்டை நிறுத்தச் சொல்லி மனுக் கொடுத்தவர் முகமா எனக்குக் கிடைக்க வேண்டும்? அந்த முகத்தை வைத்து நூற்றைம்பது அடிக்குச் சண்டை போட வைத்திருக்கிறேன். அவர் எழுந்து வராமல் என்ன செய்வார்?

“இப்ப எவனோ அவரு படத்தப் போட்டு பஸ் பாட்டுக்கு எழுதறானாமுங்க,” என்றார்கள். “பையன் ஃபோன்ல பாத்துட்டான். அதுல இருந்து செரியாச் சோறு உங்கறதில்லை. அவனைக் கண்டுபுடிக்காம விடமாட்டேன்னு சிவப்புத் தொப்பியை மாட்டிட்டு வண்டில சுத்தறான்.”

“பையன் என்னங்கம்மா பண்றாரு?”

“நார் மில்லுலைங்க. கட்டுத் தூக்கறான்.”

தேங்காய் நார்க் கட்டு எவ்வளவு கனம் தெரியுமா? இரண்டு ஆள் தூக்குவது. அந்தப் பையன், பூபதி என்று பேர், ஒற்றை ஆளாக லாரியில் ஏற்றுவானாம். அந்தம்மா பெருமையாகச் சொன்னார்கள். நான் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. சொம்பை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வாசல் தாண்டும்போது இடது கால் செருப்பு கழன்றது தெரியவே இல்லை. ஒற்றைச் செருப்போடுதான் ஊர் வந்தேன்.

வந்தால் துரைராஜ் அடுத்த அறிவிப்புப் போட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலைப் பத்து மணி மயில்ராணியில் டம்ளர் வைக்க வேண்டும். ஒரு பக்கம் சஞ்சீவனின் புது இழுவை. இன்னொரு பக்கம் துரைராஜ் தானே செய்த துள்ளல் மிக்ஸ். செத்தவர் மிக்ஸ் செய்கிறார் தம்பி. இரண்டு கட்சியும் வர வேண்டும், நாச்சிமுத்து ஐயா நாற்பத்து மூன்றில் உட்கார வேண்டும் என்று எழுதியிருந்தது. போகாவிட்டால் சந்தேகப்படுவார்கள். போனால் செத்தவர் வருவாரோ மகன் வருவானோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிதுங்கியது. என்னை அலாக்காகத் தூக்கி மூலையில் உட்கார வைத்தார்கள். துரைராஜ் வரவில்லை. அவனுடைய மிக்ஸ் மட்டும் பென் டிரைவில் வந்தது. யாமினி கொண்டு வந்து தனபாலிடம் கொடுத்தாள். யாரோ கடையில் கொடுத்துவிட்டுப் போனார்களாம், முகத்தைப் பார்க்கவில்லையாம். அந்தப் பெண்ணும் கூட்டத்தில் ஏறி என் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவளுக்கு எதற்கு இந்த வம்பு என்று நினைத்தேன்.

குடிமங்கலம் நால்ரோட்டில் பஸ் நின்றது. ஒருத்தன் ஏறினான். படியில் கால் வைத்ததும் பஸ் அந்தப் பக்கம் சாய்ந்தது. கையில் சிவப்பு ஹெல்மெட். நேராகக் கடைசி வரிசைக்கு வந்தான், நாற்பத்திரண்டில் இருந்தவன் அவனைப் பார்த்ததும் எழுந்துகொண்டான். என் தோளோடு தோள் உட்கார்ந்தான். அந்த மீசை. அதே மீசை தம்பி, இருபது வயசு குறைத்து.

அந்த நேரம் பார்த்துத் தனபால் மிக்ஸைப் போட்டார். முதலில் துரைராஜினுடையது. நான் இவ்வளவு வருஷத்தில் அப்படி ஒன்று கேட்டதில்லை. அடி மேல் அடி விழுகிறது, ஆனால் ஒன்றோடு ஒன்று இடிக்கவில்லை. தண்ணீர் துள்ளித் துள்ளி யாமினியின் சுரிதாரில் தெறித்தது. துள்ளல் கட்சி கூரையைத் தட்டியது. அடுத்தது சஞ்சீவனின் இழுவை. தண்ணீர் நின்ற இடத்தில் வட்டம் போட்டது, வட்டத்துக்குள் வட்டம். எங்கள் ஆட்கள் விசில் அடித்தார்கள். வழக்கம்போல இரண்டு கட்சியும் ஜெயித்தது. யாமினி மட்டும் குனிந்து டம்ளரையே பார்த்தபடி நின்றாள், பல்லடம் வரைக்கும். என் சுண்டுவிரல் முழித்ததா இல்லையா என்று கேட்காதீங்க, உடம்பே மரத்துப் போய்க் கிடந்தது.

பூபதி என் காதுக்குக் குனிந்தான். “நீங்கதானுங்களே நாச்சிமுத்து ஐயா?”

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், ஆமாம் என்று வந்தது.

“அந்தத் துரைராஜுகூடத் தெனமும் சண்டை போடறது நீங்கதான். அவன் யாருன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது.”

“தெரியாதுங்க தம்பி.”

“பயப்படாதீங்க. அது எங்கப்பன் படமுங்க.” போனைத் திறந்து காட்டினான். “நான் துள்ளல் கட்சி. பத்து வருசமா எங்க ஊட்டுல எங்கப்பனுக்கும் எனக்கும் இதேதான் சண்டை. ஸ்பீக்கரக் கொண்டு போயிக் கெணத்துல போட்டாரு. கடைசி ரெண்டு வருசம் பேச்சே இல்லை. ஆஸ்பத்திரிலயும் நான் கதவுக்கு வெளியதான் நின்னேன்.” போனை மறுபடியும் என் முன்னால் நீட்டினான். “இப்பப் பாருங்க. தெனமும் காலைல எங்கப்பன் என் கட்சி பேசறாரு. ஐந்நூறு பேரு தலைவாங்கறான். அம்மாவுக்குப் படிச்சுக் காட்டறேன், அம்மா சிரிக்குது.”

நல்லதுங்க என்றேன்.

“அந்த ஆளைப் பாத்தீங்கன்னாச் சொல்லுங்க. ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. அப்பறம் இன்னொண்ணு.” என் மணிக்கட்டைப் பிடித்தான். அன்பாகத்தான் பிடித்தான், எலும்பு நெறிபட்டது. “எங்கப்பன் கட்சி மாறக் கூடாது. ஒரு தடவை மாறுனாரு, இதுக்கு மேல அவரு மாறக் கூடாது. அப்படி எழுதுனான்னா, எழுதுன கைய இங்கிருந்து திருப்பிருவேன்.”

பல்லடத்தில் இறங்கினதும் போனில் துரைராஜ் கணக்கைத் திறந்து பார்த்தேன். நானே கொஞ்ச நாள் ஒழுங்காகத் துள்ளல் எழுதிவிடலாம், கையும் தப்பும், அந்தம்மாவும் சிரிக்கட்டும் என்று நினைத்தேன். பாஸ்வேர்டு தவறு என்றது. நாலு தடவை போட்டேன். யாமினியைக் கேட்டால், “சில நேரம் தானா மாறிக்குமுங்க தாத்தா,” என்கிறாள். அவளே சொல்கிறாள் என்றால் அப்படித்தான் இருக்கும், படித்த பெண்.

இன்றைக்குக் காலையில் என்ன நடந்தது தெரியுமா? படித்துக் காட்டுகிறேன், இருங்க, கண்ணாடி. துரைராஜ் எழுதியிருக்கிறான். “டம்ளரைக் குனிந்து பார்த்தேன். என் மிக்ஸில் தண்ணீர் ஓடிவிடுகிறது. சஞ்சீவன் மிக்ஸில் தண்ணீர் நின்று பேசுகிறது. நான் சொன்னதெல்லாம் பொய் இல்லை, ஆனால் இப்போது எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. இன்றிலிருந்து நான் இழுவை. நாச்சிமுத்து ஐயா சொன்னது சரி.”

நாச்சிமுத்து ஐயா சொன்னது சரியாம். ஆறு மாசம் நான் எதற்குப் பாடுபட்டேனோ அது நடந்துவிட்டது தம்பி. ஐந்நூறு பேரில் முந்நூறு பேர் தலைவன் பின்னாலேயே இழுவைக்கு வந்துவிட்டார்கள். என் கட்சி ஜெயித்தது. நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

அதற்குக் கீழே பூபதி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறான்: “ஐயா, உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.” ஒன்பது தடவை போன் செய்துவிட்டான். நான் எடுக்கவில்லை. என் பெண்டாட்டியிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, தாராபுரத்தில் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். யாருக்கும் தெரியாது. ரீசார்ஜ் பண்ணும்போது யாமினியிடம் மட்டும் சொன்னேன், அவள் வாயைத் திறக்காத பெண்.

அந்தப் பையனை நினைத்தால் மனசுக்கு என்னவோ செய்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவன் அப்பன் இரண்டாம் தடவையும் அவனை விட்டுப் போய்விட்டான் இல்லையா? ஆனால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நான் எழுதவில்லையே. செத்தவர் மனசு மாறினால் அதற்கு உயிரோடு இருக்கிறவன் பொறுப்பா?

இருங்க. போன் அதிர்கிறது. அவன்தான். இல்லை, அழைப்பு இல்லை, செய்தி. என் கண்ணாடியில் நீர் கட்டிவிட்டது, நீங்களே பார்த்துச் சொல்லுங்க. யாரிடமிருந்து?

துரைராஜா?

என்ன எழுதியிருக்கிறது? மெதுவாகச் சொல்லுங்க. “சர்க்கரை மாத்திரையைக் கடை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். தாராபுரத்தில் இறங்கியதும் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.”

பார்த்தீங்களா தம்பி, பார்த்தீங்களா. நான் எந்த ஊருக்குப் போகிறேன் என்பதுகூட அவருக்குத் தெரிகிறது. என் மாத்திரை இருக்கிற இடம் தெரிகிறது. இனிமேல் நான் எங்கே போய் ஒளிவேன்? சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன், மாத்திரை நிஜமாகவே இல்லை. எலுமிச்சம்பழம் மட்டும்தான் இருக்கிறது.

நான் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொள்கிறேன். தாராபுரம் வேண்டாம். நீங்கள் இந்தக் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்க, நான் தடுக்கவில்லை, கேட்கிறவர்களுக்குப் பொழுது போகும். சிவப்பு ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒருத்தன் பஸ்ஸை மறித்து, உங்கள் முன்னால் நின்று, யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் என் பேரைச் சொல்லிவிடாதீங்க சாமி. மாட்டாஸ்பத்திரி என்றும் சொல்ல வேண்டாம். நடுவில் எங்கேயோ தூங்கிவிட்டேன், முழித்தபோது பக்கத்து சீட்டில் ஆளே இல்லை என்று சொல்லிவிடுங்க.